பிரசங்கியாருக்கு இடப்பக்கம் நின்றவன்

ஜனவரி 28, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு. பிப்ரவரி ஏழாம் தேதி முதல் நான்கு நாள் எழுப்புதல் பெருவிழா. தேவ மனிதர் டாக்டர் ரிச்சர்ட் ஏனோக் வருகிறார். எதில் டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது அவிசுவாசம்.

பெத்தேல்பேட்டை சபைக்கு எழுப்புதல் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. பிரசங்கம் முடியும்போது பாதிப் பேரை யாராவது எழுப்பத்தான் வேண்டியிருக்கிறது. சிக்கல் வேறு. ஏனோக் ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுவாராம். பெங்களூரில் வளர்ந்தவர், தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதாம். எங்கள் போதகர் பொன்னையா ஐயர் என் தோளில் கை வைத்தார்.

"குணசீலன் சார், இத்தன வருசமா பிள்ளையளுக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கீங்க. கர்த்தர் அந்தத் தாலந்த எதுக்குக் குடுத்தாருன்னு நெனச்சீங்க? இதுக்குத்தான்."

நான் இத்தனை வருடம் பாடம் நடத்தியது வெறும் ஒத்திகை என்று தெரிந்துகொண்டேன். சம்மதித்தேன்.

வீட்டில் என் மனைவி லில்லி கேட்டாள், "அந்தாளு யூடியூபுல பேசுதத கேட்டு வயித்தப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சது நீங்கதான? எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

மொழிபெயர்ப்பாளனுக்குச் சொந்தக் கருத்து கிடையாது, அவன் தண்ணீர் வரும் குழாய் மாதிரி என்றேன். அவள் காபித் தம்ளரை இடக்கையால் எடுத்தாள். வலக்கை நடுக்கம் இந்த மாதம் கூடியிருக்கிறது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார்.

பிப்ரவரி 6, செவ்வாய்

பேனர்கள் கட்டிவிட்டார்கள். ஏனோக் வானத்தைப் பார்த்துக் கை விரித்து நிற்கிறார். அவர் முழங்காலுக்குக் கீழே தபால்தலை அளவில் என் முகம். 'தமிழாக்கம்: சகோ. குணசீலன்.' பஸ் நிலையப் பேனரில் மூக்கு நன்றாக விழுந்திருக்கிறது. பள்ளிக்கூட வாசலில் இருப்பதில் கொஞ்சம் கறுப்பு. ரயில்வே கேட் பேனரையும் பார்த்தேன். அந்தப் பக்கம் வேறு வேலை இருந்தது.

பிப்ரவரி 7, புதன்

முதல் நாள் முடிந்தது. இடுப்பு வலிக்கிறது.

அவர் குதித்தால் நானும் குதிக்க வேண்டுமாம். கூட்டம் தொடங்குமுன் ஐயர் சொல்லித்தான் அனுப்பினார்: "வார்த்தை மட்டும் போதாது சார், அபிஷேகத்தையும் சேத்து மொழிபெயர்க்கணும்." ஐம்பத்தாறு வயதில் இரண்டு முறை குதித்தேன். மூன்றாவது முறை குதிப்பதாகச் சொல்லிவிட்டு நின்றுகொண்டேன்.

இன்றைய போதனை: மனந்திரும்புதல் என்பது பழைய காலத்துச் சரக்கு. கிருபை வந்த பிறகு பாவத்தைப் பற்றிப் பேசுவது சாத்தானுக்கு மைக் கொடுப்பது. விசுவாசிக்கு நோய் வராது. வந்தால், விசுவாசத்தில் ஓட்டை. எங்கள் ஆண்டவர் பேசத் தொடங்கிய முதல் நாளே 'மனந்திரும்புங்கள்' என்றுதான் சொன்னார் என்பது எனக்கு நினைவுக்கு வந்தது. குழாய்க்கு எதற்கு நினைவு?

அவருடைய ஆங்கிலம் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் போகவில்லை. நான் கொஞ்சம் எதுகை, கொஞ்சம் மோனை சேர்த்தேன். தமிழில் கேட்க நன்றாகவே இருந்தது. கூட்டம் முடிந்ததும் பலர் வந்து கையைப் பிடித்தார்கள். எங்கள் பள்ளிக்குச் சீருடை தைக்கும் மரகதமும் வந்தாள். என் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஜெனிட்டாவின் அம்மா. கணவன் இல்லை. பிள்ளைக்குச் சிறு வயதிலேயே சர்க்கரை நோய், தினமும் இன்சுலின் ஊசி.

"சார், நீங்க பேசப் பேச நெஞ்சு உருகிட்டு" என்றாள். நான் பேசவில்லை, அவர் பேசினார் என்று திருத்தியிருக்கலாம். பின்னால் இன்னும் ஆட்கள் நின்றார்கள்.

லில்லியின் கை இன்று சற்றே நிதானமாக இருந்ததுபோல் தெரிந்தது. கூட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சும்மா எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

மதியம் ஐயர் வீட்டில் ஏனோக்குக்கு விருந்து. நானும் மொழிபெயர்ப்புக்காகச் சாப்பிட்டேன்.

ஒரு சந்தேகம் கேட்டேன். பவுல் தன் உடன் ஊழியன் துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதுகிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பக்குவம் சொல்கிறார். லூக்கா என்ற வைத்தியனைப் பிரியமானவன் என்கிறார். இவர்கள் எல்லோருக்கும் விசுவாசத்தில் ஓட்டையா? ஏனோக் வஞ்சிரமீன் துண்டைக் கீழே வைத்தார். பவுலின் காலத்தில் இந்தப் புதிய அபிஷேகம் இன்னும் வெளிப்படவில்லை என்று விளக்கினார். பாவம் பவுல், சீக்கிரம் பிறந்துவிட்டார்.

பிறகுதான் விசேஷம். வெளியே வந்தோம். டிரைவர் காரைப் பின்னால் எடுத்துக் கிணற்றுச் சுவரில் இடித்தான். "ஏலே, கண்ணு அவிஞ்சா போச்சு? எவம்ல ஒனக்கு லைசென்சு குடுத்தான்?" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். ஏனோக்தான். பெங்களூர்த் தமிழ் அல்ல. தாமிரபரணித் தண்ணீர் குடித்த தமிழ்.

ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மிக நிதானமான ஆங்கிலத்தில், டிரைவரைக் கவனமாக இருக்கச் சொல்லும்படி என்னிடம் கேட்டுக்கொண்டார். நானும் டிரைவரிடம், "கவனமா இருப்பா" என்று மொழிபெயர்த்தேன்.

மாலைக் கூட்டத்தில் எங்கள் சபைப் பொருளாளர் ஜெயசிங்கை மேடைக்கு அழைத்து, தாவீதைப்போல் கர்த்தரின் இருதயத்துக்கு ஏற்றவன் என்றார். ஜெயசிங்குக்கு இரண்டு தெருவில் இரண்டு குடும்பம். தாவீது பிறன் மனைவியை எடுத்துக்கொண்டதற்காக அழுது தலையணையை நனைத்த பகுதியை ஏனோக் விட்டுவிட்டார். அவர் விட்டதை நான் எப்படி மொழிபெயர்ப்பது? ஜெயசிங்கின் மனைவி பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் இருந்தாள். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

நாளை சுகமளிக்கும் கூட்டம். லில்லியும் வரலாமே என்றேன். கூட்டம் பெரிதாக இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

"நான் வரல. எனக்கு முறுக்கு சுடணும்" என்றாள். முறுக்கு பிழிய அவளால் முடியாமல் போய் ஆறு மாதமாகிறது.

பிப்ரவரி 9, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

மேடை முன் ஒரு பெரிய பனங்கூடை. மருந்துகளை அதில் போட்டுவிட்டு விடுதலையாகப் போகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். ஒருவர் தைலக் குப்பியைப் போட்டார். ஒருவர் இரத்த அழுத்த மாத்திரை. தைலம்தானே, மாத்திரைதானே, நாளைக் காலையில் கடையில் வாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பிறகு மரகதம் ஜெனிட்டாவைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். பிள்ளை கையில் இன்சுலின் வைக்கும் நீலப் பை. ஏனோக் அதன் தலையில் கை வைத்து ஆங்கிலத்தில் முழங்கினார். இந்த ஊசி பிசாசு உன் கழுத்தில் போட்ட கயிறு, இனி ஒரு முறை போட்டாலும் நீ ஆண்டவரை மறுதலித்தவள், தூக்கி எறி. பிறகு என்னைப் பார்த்தார்.

ஜெனிட்டாவும் என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த ஆங்கிலம் புரிந்திருக்கும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

"மகளே, ஆண்டவர் உன்னை நேசிக்கிறார். மருந்தைத் தந்தவரும் அவரே. ஊசியை விடாமல் போடு" என்றேன்.

"ஆமென்!" என்றது கூட்டம்.

ஏனோக் திகைத்தார். முன்னைவிடச் சத்தமாக அதையே திரும்பச் சொன்னார். நானும் சத்தத்தைக் கூட்டினேன். "டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதே!"

"ஆமென்! அல்லேலூயா!"

"ஏ சார்! நான் அப்படியா சொன்னேன்?" மைக்கில் வெடித்தார் ஏனோக். "ஊசியத் தூக்கி எறின்னுல்லா சொன்னேன்!"

பந்தல் ஓய்ந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. மூன்று நாள் பொய் ஒரு 'ல்லா'வில் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். நான் பொன்னையா ஐயரைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறேன். அவர் நாற்காலியிலிருந்து எகிறி மைக்கைப் பிடித்தார்.

"சபையே, கேட்டியளா! தமிழ்ல ஒரு எழுத்து தெரியாத தேவ மனிதர் நாவுல கர்த்தர் தமிழப் போட்டாரு! பெந்தெகொஸ்தே நாள் இன்னைக்குப் பெத்தேல்பேட்டையில!"

பந்தல் அதிர்ந்தது. பெண்கள் அழுதார்கள். ஏனோக் சுதாரித்துக்கொண்டார், கண்ணை மூடி, தமிழிலேயே பொழியத் தொடங்கினார். பெந்தெகொஸ்தே நாளில் சீஷர்களுக்குக் கிடைத்தது அந்நிய பாஷை. இவருக்குக் கிடைத்தது சொந்த பாஷை.

இப்போது இடையில் ஆள் தேவைப்படவில்லை. அவரே நேராக மரகதத்திடம் சொன்னார். மரகதம் பிள்ளை கையிலிருந்த பையை வாங்கிக் கூடையில் போட்டாள். இரண்டு தொண்டர்கள் வந்து மிகுந்த அன்போடு என் முழங்கைகளைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினார்கள்.

பிப்ரவரி 10, சனி

காலையில் கூடையைத் தேடிப் போனேன். எரித்துவிட்டார்களாம், பாட்டுப் பாடி. அங்கிருந்து மருந்துக்கடை. கடைக்காரருக்கு அந்தப் பிள்ளையின் மருந்து தெரியும். வாங்கிக்கொண்டு மரகதம் வீட்டுக்குப் போனேன்.

தையல் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். மரியாதையில் குறைவில்லை. நாற்காலி போட்டாள். மருந்தை மட்டும் வாங்கவில்லை.

"மரகதம், அந்தாளு சொன்னது வேதத்துல இல்ல. நான் காட்டுதேன். ஊசிய நிறுத்துனா பிள்ளைக்கு உயிருக்கே ஆபத்து."

"புதன்கிழமை நீங்க அப்படிச் சொல்லலையே சார்?"

"அது அவரு சொன்னது."

"அவரு இங்கிலீசு எனக்கு என்ன சார் தெரியும்? நான் கேட்டது உங்க சத்தத்தத்தான். நோய் வந்தா விசுவாசத்துல ஓட்டன்னு நீங்கதான் சொன்னீங்க. ரெண்டு நாளா படுத்தா தூக்கம் வரல. என் விசுவாசத்துல உள்ள ஓட்டையாலதான் என் பிள்ள இப்படிக் கெடக்கான்னு நெனச்சி நெனச்சி அழுதேன். இப்ப அடைச்சிட்டேன். நீங்களே வந்து ஓட்டை போடச் சொல்லுதீங்களே!"

ஜெனிட்டா உள்ளே செம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்து, மறுபடி மொண்டாள். "சார், எனக்கு நல்லாத்தான் இருக்கு" என்றாள். அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மருந்தோடு திரும்பி வந்தேன். வழியில் ஐயரிடம் சொன்னேன். நான் மேடையில் செய்தது துரோகம், கமிட்டி கூடும் என்றார். பிள்ளையின் பெயரை ஒரு முறைகூட அவர் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டில் லில்லி, "எனக்காகத்தான அந்த மேடைக்குப் போனீங்க?" என்றாள்.

ரசம் நன்றாக இருந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஏனோக் இன்று கிளம்பினார். வழியனுப்புவதற்கு மூன்று வேன்.

ஜெனிட்டாவுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் போனில் பேசினேன். "உடனே கூட்டிட்டு வாங்க, ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது" என்றார். லில்லியும் நானும் மரகதம் வீட்டுக்கு ஓடினோம். பூட்டியிருந்தது. தாயும் பிள்ளையும் சாட்சி சொல்ல வேனில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டார்களாம். மாலையில் மறுபடி போனோம். பிள்ளை பாயில் படுத்திருந்தாள். பயணக் களைப்பு என்றாள் மரகதம்.

லில்லி வாசற்படியில் உட்கார்ந்து வலக்கையை நீட்டினாள். அது தன் போக்கில் ஆடிக்கொண்டிருந்தது.

"இந்தா பாரு மரகதம். நான் மாத்திர போடுதேன். தெனமும் ஜெபிக்கவும் செய்யுதேன். என் விசுவாசத்துல எங்க ஓட்ட இருக்கு, காட்டு."

மரகதம் அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு பயமா இருக்குக்கா. போட்டாலும் பயமா இருக்கு. போடாட்டாலும் பயமா இருக்கு. நாளைக்குக் காலையில சொல்லுதேன்."

அத்தனை பேர் அல்லேலூயா சொன்ன ஒன்றை ஒரு ஆள் பேசி மாற்ற முடியுமா? நாளை அவள் எதுவும் சொல்லாவிட்டால் ஆம்புலன்சோடு போவது என்று முடிவு செய்தோம். (மறுநாள் சேர்த்தது: அன்றே அழைத்திருக்க வேண்டும்.)

பிப்ரவரி 12, திங்கள்

மரகதம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். சுகமான பிள்ளை படுத்துக் கிடக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம்.

முதல் பாடவேளை. ஜெனிட்டா பெஞ்சில் தலை சாய்த்திருந்தாள். மூச்சு பெரிது பெரிதாக வந்தது. கிட்டே போனதும் அழுகிய பழ வாசனை. வாந்தி எடுத்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், கண் பாதிதான் திறந்தது. தூக்கிக்கொண்டு ஓடினேன். அன்று மேடையில் மூன்றாவது முறை குதிக்க முடியாதவன் இன்று மைதானத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு மரகதம் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து சேர்ந்தாள். கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். "வெள்ளிக்கிழம காலையில" என்றாள்.

"நிறுத்தச் சொன்னது எந்த மடையன்?"

மரகதம் என்னைப் பார்த்தாள். மடையன் என்று ஒருமையில் கேட்டாரே, பன்மை என்று நான் திருத்தவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தோம். பந்தலில் ஏனோக்கின் நீண்ட ஜெபங்களை வாக்கியம் குறையாமல் தமிழாக்கியவன் நான். இன்று எனக்கு வந்தது, 'ஆண்டவரே, அந்தப் பிள்ளை' என்பது மட்டும். வினைச்சொல் கடைசிவரை வரவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

கண் திறக்கவில்லை.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

திறந்தாள்.

முதலில் அம்மாவைத் தேடினாள். பிறகு என்னைப் பார்த்து, "சார், இன்னைக்கு டெஸ்டா?" என்றாள். டெஸ்ட் இல்லை என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன். கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் தூசி அதிகம்.

மரகதம் பின்னாலேயே வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்பிட்டீங்களா சார்?" என்றாள்.

பிப்ரவரி 17, சனி

ஒழுங்கு விசாரணைக் கமிட்டி. தலைவர் ஜெயசிங். சபையின் ஒழுக்கத்தைக் காக்க அவரைவிட அனுபவமுள்ளவர் யார்?

"தேவ மனிதர் சொன்னத நீங்க வேணும்னே மாத்திச் சொன்னீங்களா, இல்லியா?"

"மாத்தித்தான் சொன்னேன். ஆனா வெள்ளிக்கிழமை மாத்துனது தப்பில்ல. புதனும் வியாழனும் மாத்தாததுதான் தப்பு."

"நக்கலு வேண்டாம் சார். சபைக்கு முன்னால மன்னிப்புக் கேட்டா முடிச்சிக்கிடலாம்."

"கேக்கேன். புதன்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் கேக்கேன். மனந்திரும்புதல் பழைய சரக்குன்னு என் வாயால சொன்னதுக்குக் கேக்கேன். வெள்ளிக்கிழமைக்குக் கேக்க மாட்டேன்."

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். அந்த வகை மன்னிப்பு அவர்களுக்கு வேண்டாமாம். இனி ஆராதனையில் நான் வேதபாடம் வாசிக்கக் கூடாது, ஞாயிறு பள்ளியிலும் கற்பிக்கக் கூடாது என்று முடிவாயிற்று. கிருபையைப் பற்றி நான்கு நாள் கேட்டவர்கள். எனக்குக் கொஞ்சம்கூட மிச்சம் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து லில்லியிடம் சொன்னேன். "நல்லது. இனிமே எனக்கு வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். வாசித்தேன். நடுவில் எழுந்து தண்ணீர் குடித்தேன். தொண்டைக் கட்டு.

பிப்ரவரி 25, ஞாயிறு

ஐயர் இன்று பரவசமாக இருந்தார். மரணத்தின் வாசலிலிருந்து ஏனோக் ஐயாவின் ஜெபத்தால் திரும்பி வந்த பிள்ளை நம் நடுவே இருக்கிறாள், தாய் சாட்சி சொல்வாள் என்றார். நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். லில்லி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

மரகதம் மைக்கின் முன் நின்றாள். முந்தானையைச் சரி செய்தாள்.

"ஊசிய நிறுத்தச் சொன்னாரு. நிறுத்துனேன். பிள்ள சாகக் கெடந்தா. ஆஸ்பத்திரியில ஊசி போட்டாங்க. பொழச்சா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

ஐயர் மைக்கை வாங்கக் கை நீட்டினார்.

"இன்னும் முடியல ஐயரே" என்றாள். "இப்ப காலையிலயும் சாயங்காலமும் ஊசி போடுதோம். போடுததுக்கு முன்னால ஜெபிக்கோம். அதுக்கும் ஸ்தோத்திரம். நான் வேதத்த வாசிச்சதில்ல. வாசிச்சவங்க சொல்லுதத கேட்டே இருந்துட்டேன். அவங்க நல்லா சொன்னாங்க, நான் நம்பிட்டேன். இனிமே நானே வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனா நானே வாசிப்பேன்."

'ஆமென்' என்று ஒரு பெண் குரல். லில்லி என்று நினைத்துத் திரும்பினேன். லில்லி அழுதுகொண்டிருந்தாள். சொன்னது ஜெயசிங்கின் மனைவி. அதன் பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில ஆமென்கள். பெரிய சத்தம் ஒன்றுமில்லை. ஐயர் அவசரமாகப் பாட்டு அறிவித்தார். எண்ணைத் தப்பாகச் சொன்னதால் பாடகர் குழு ஒரு கலியாணப் பாட்டைத் தொடங்கியது.

மார்ச் 1, வெள்ளி

சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு மரகதம் வந்தாள். ஜெனிட்டா கேட்டருகே தோழிகளோடு நின்றாள். மரகதத்தின் அக்குளில் வேதாகமம், நடுவே அடையாளத்துக்கு ஒரு துண்டுத் துணி. ஏதோ கேட்க வந்தவள் கேட்கத் தயங்கினாள்.

"சார், சிரிக்கக் கூடாது. மத்தேயுல ஆரம்பிச்சேன். இவரு அவரப் பெத்தாரு, அவரு இவரப் பெத்தாருன்னே போகுது. ஒரு பேரும் வாயில நுழையல. கத எப்ப சார் வரும்?"

நான் சிரிக்கவில்லை. கஷ்டப்பட்டுத்தான் சிரிக்கவில்லை. "கொஞ்ச தூரம்தான் மரகதம், வந்துரும். கஷ்டமா இருந்தா அந்தப் பேரையெல்லாம் தாண்டிருங்க" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தாண்டவா? தாண்டுனா, பொறவு எவனாவது வந்து, நீ தாண்டுன எடத்துலதான் அது இருக்குன்னு சொல்லுவான். தாண்ட மாட்டேன் சார். இந்தப் பேரு என்ன, இதச் சொல்லுங்க."